ஜனவரியிலும் திறந்திருந்த கடை

ஒருவர் ஓர் ஊரில் வசிக்கிறார் என்று எதை வைத்துச் சொல்வது? அங்கே தூங்குகிறார் என்பதை வைத்தா, அங்கே வரி கட்டுகிறார் என்பதை வைத்தா, அவர் கண்ணில் படாத நாளில் யாராவது அவரைத் தேடுகிறார்கள் என்பதை வைத்தா? குவான் ஷூச்சினை நான் அறிந்த காலம் முழுக்க இந்தக் கேள்வி அவரைச் சுற்றியே வந்துகொண்டிருந்தது. அவர் இதை ஒரு கேள்வியாக நினைத்தாரா என்று எனக்குத் தெரியாது. குளிர்காலத்தில் சாலைப் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன் நான். காற்று அடங்கும்வரை வண்டிக்குள் காத்திருக்கும் நேரங்களில் படிப்பேன். மனித இருப்பைப் பற்றி அந்தப் புத்தகங்களில் ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஊரான கில்லிஸ் துறையின் ஐஸ்கிரீம் கடை விஷயத்தில் அவை எதுவும் பெரிதாகக் கைகொடுக்கவில்லை.

பனி தள்ளுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. எந்த வீட்டில் ஆள் இருக்கிறது, எந்த வீட்டில் இல்லை என்று அவனுக்குத் தெரியும். வாசலில் தடம் இருந்தால் ஆள் இருக்கிறது. பிரின்ஸ் எட்வர்ட் தீவின் வடகரையில், அந்த ஆண்டுகளில், தடம் இல்லாத வீடுகள் பெருகிவந்தன. திரைச்சீலை தொங்கும், சாயங்காலம் ஒரு விளக்கு தானாக எரிந்து தானாக அணையும், படிக்கட்டில் மட்டும் மார்ச் மாதம்வரை ஒரு செருப்புத் தடம்கூட விழாது. வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கென்று தீவின் மாகாண அரசு ஒரு திட்டம் வைத்திருந்தது. பணத்தோடு வா, இங்கே ஒரு தொழிலை வாங்கி நீயே நடத்து, இங்கேயே குடியிரு. சொன்னபடி இருந்தாயானால், உனக்கு நிரந்தர வசிப்புரிமை தரும்படி நாங்கள் சிபாரிசு செய்கிறோம். பலர் பணத்தோடு வந்தார்கள், தொழிலை வாங்கினார்கள், விளக்கை இங்கே வைத்துவிட்டு டொராண்டோவுக்குப் போய்விட்டார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. பிப்ரவரியில் இங்கே இருக்க எனக்கே சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

குவான் ஒரு ஜூன் மாதம் வந்தார். ஐம்பதைத் தாண்டிய, குள்ளமான, வேகமாக நடக்கும் பெண்மணி. சீனாவின் வடகோடியில் ஹார்பின் நகரத்துக்காரர். அங்கே கடை வாசல்களில் குளிருக்குத் தொங்கவிடும் கனத்த பஞ்சுத் திரைகளைத் தைக்கும் பட்டறை வைத்திருந்தார். கணவர் இறந்த பிறகு பட்டறையைத் தம்பிக்கு விற்றார், வீட்டையும் விற்றார். இங்கே படகுத்துறைக்கு எதிரே இருந்த ஐஸ்கிரீம் கடையையும் அதன் மாடி அறையையும் வாங்கினார். கடையோடு சேர்ந்து வெர்னா பினோவும் வந்தாள். என்னோடு பள்ளியில் படித்தவள், அந்தக் கடையில் பல கோடைகள் வேலை பார்த்தவள்.

குவான் மாகாணத்தோடு போட்டிருந்த ஒப்பந்தம் எளிமையானதுதான். கடை ஆண்டு முழுவதும் திறந்திருக்க வேண்டும். ஞாயிறு மட்டும் விடுமுறை. முதலாளி அங்கேயே குடியிருந்து, தானே நடத்த வேண்டும். உள்ளூர்க்காரர் ஒருவருக்காவது வேலை தர வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் பி.ஆர். என்கிற அந்த நிரந்தர வசிப்புரிமை கிடையாது, வேலை அனுமதி முடிந்ததும் விமானம் ஏற வேண்டியதுதான். திரும்பிப் போனால் ஹார்பினில் அவருக்கென்று ஒரு சாவி கிடையாது. எல்லாவற்றையும் விற்றிருந்தார்.

ஆண்டு முழுவதும் என்ற அந்தச் சொல்லில்தான் வினை இருந்தது. குவானுக்குத் தொழில் திட்டத்தை எழுதிக்கொடுத்த டொராண்டோ குடியேற்ற ஏஜென்ட் எங்கள் ஊரைப் பார்த்தவர் இல்லை. குவான் பார்த்திருந்தார், ஆனால் ஜூனில்.

அக்டோபரில், நன்றி நாள் விடுமுறை முடிந்த மறுநாள், சுற்றுலாக்காரர்களின் கடைசிக் கார் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலம் தாண்டிப் போன பிறகு, வெர்னா வழக்கம்போல ஏணியை எடுத்துவந்து கடை ஜன்னல்களில் பலகை அடிக்க ஆரம்பித்தாள். நான் கீழே நின்று ஆணி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். குவான் வெளியே வந்தார்.

"என்ன பண்றே?"

"கடைய மூடுறேன்க்கா. இனிமே மே மாசந்தான்."

"ஏன்?"

"ஏன்னா? குளிர்காலம் வருதுல்ல?"

"வரட்டும். அதுக்கு?"

வெர்னா ஏணியிலிருந்து என்னைப் பார்த்தாள். "டூகல், நீயே சொல்லு. ஜனவரியில எவன் ஐஸ்கிரீம் திம்பான்?"

"எங்க ஊர்ல எல்லாரும் திம்பாங்க," என்றார் குவான். "தெருவுல நின்னு திம்பாங்க. புருவத்துல பனி உறைஞ்சிருக்கும், கையில குச்சி ஐஸ் இருக்கும்."

"பைத்தியமா அவங்களுக்கு?"

"ஒரு கோடிப் பேர் இருக்காங்க. எல்லாருக்குமேவா?"

வெர்னா சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஏணியிலிருந்து இறங்கினாள். அடித்த இரண்டு பலகைகளையும் நான் கழற்றினேன்.

குவான் செய்த தவறு அதுதான். கடற்கரை ஊர் ஐஸ்கிரீம் கடையை ஆண்டு முழுவதும் நடத்துவதாக ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடும்போது எவருக்கும் சிரிப்பு வந்திருக்கும். ஹார்பின்காரருக்கு வரவில்லை.

அன்றே ஏஜென்டுக்குத் தொலைபேசினார். அவர்களுடைய மொழியில் நீண்ட நேரம் பேசிவிட்டு வந்து வெர்னாவிடம் சொன்னார்: "நான் டொராண்டோ போயிடலாமாம். இங்கே யாராவது விளக்கு போட்டு அணைச்சா போதுமாம். எல்லாரும் அப்படித்தானாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பி.ஆர். கேட்டது நான். விளக்கு கேக்கலியேன்னு சொன்னேன்."

நவம்பரில் ஹார்பினிலிருந்து ஒரு பெரிய பொட்டலம் வந்தது. பச்சை நிறத்தில், இரண்டாகப் பிரியும், கை மொத்தத்துக்குப் பஞ்சு வைத்துத் தைத்த கதவுத் திரை. அதைக் கடை வாசலில் தொங்கவிட்டார். அந்தச் சீனப் பெண்மணி வாசலில் மெத்தையை மாட்டியிருக்கிறார் என்று ஊரில் பேச்சு. திரையில் சிவப்பு எழுத்தில் ஏதோ இருந்தது. என்னவென்று வெர்னா கேட்டாள். "கதவைச் சாத்துன்னு எழுதியிருக்கு," என்றார்.

டிசம்பரில் மீனவர்களின் கொட்டகையில் ஒரு பந்தயம் ஆரம்பித்தது. ஆரம்பித்தவர் ஆன்செல்ம் பினோ. வெர்னாவின் மாமனார், எண்பதை நெருங்கியவர். சிங்கி இறால் படகை மகனிடம் கொடுத்துவிட்டு நாள் முழுக்க அடுத்தவர் வேலையைப் பற்றிக் கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தவர். கிறிஸ்துமஸுக்குள் குவான் ஊரைவிட்டு ஓடிவிடுவார் என்று ஒரு ரம் பாட்டில் கட்டினார். பந்தயம் கட்டியவருக்குச் சாட்சி வேண்டுமே! அதனால் தினமும் பத்து மணிக்கு, திரையை விலக்கிக்கொண்டு கடைக்குள் எட்டிப் பார்ப்பார்.

"இன்னும் ஓடலியாம்மா நீ?"

"இல்ல பெரியவரே. உள்ள வாங்க, குளிர் வருது."

வந்த காலோடு சும்மா போவது அவருக்குக் கௌரவக் குறைவு. எனவே ஒரு கூம்பு ஐஸ் வாங்குவார். பல் கூசுகிறது என்று திட்டிக்கொண்டே தின்பார். கிறிஸ்துமஸ் போயிற்று, பாட்டிலும் போயிற்று. ஆற்றுப் பனி உடைவதற்குள் ஓடிவிடுவார் என்று இன்னொரு பாட்டில் கட்டினார்.

ஜனவரியில் ஒரு நாள் நானும் அங்கே இருந்தேன்.

"எனக்காகவாவது போய்த் தொலையேம்மா," என்றார் ஆன்செல்ம். "உன்னால ஒரு பாட்டில் போச்சு. இன்னொண்ணும் ஆடிக்கிட்டிருக்கு."

"நான் போனா உங்களுக்கு ஐஸ் யாரு குடுப்பா?"

"யாருக்கு வேணும் இந்த எழவு? வேவு பாக்க வர்றேன் நான்."

"தினமும் வேவு பாத்து, தினமும் மேப்பிள் ஐஸே திங்கிறீங்க."

"இன்னும் ஓடலியான்னு கேட்டா நேரா பதில் சொல்லணும்."

"ஓடல. நீங்க இன்னும் சாகலியா?"

வெர்னா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆன்செல்ம் குவானை ஒரு முறை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்த சிரிப்பில் கூம்பிலிருந்த ஐஸ் விழுந்துவிட்டது. இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அது இருவருக்கும் காலை வணக்கம்போல ஆகிவிட்டது.

அந்தக் குளிர்காலத்தில் கடைக்கு நாள் தவறாமல் வந்த வாடிக்கையாளர் அவர் ஒருவர்தான். குவான் அசரவில்லை. உறைந்த ஆற்றின்மேல் குடில் போட்டு ஸ்மெல்ட் என்னும் சின்ன மீன் பிடிக்கிறவர்களிடம், சறுக்குப் பலகையில் அட்டைப் பெட்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார். ரம் குடித்துக்கொண்டிருந்தவர்கள் முதலில் கேலி செய்தார்கள். பிறகு குடிலுக்குள் அடுப்பின் வெக்கை தாங்காமல் வாங்கித் தின்றார்கள். மீதிச் சரக்கைக் கடையின் வடக்குப் பக்கக் கொட்டிலில் மரப்பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தார். ஹார்பினில் அப்படித்தானாம். தெருவே உறைந்து கிடக்கும்போது ஐஸை உறைய வைக்க எதற்குக் கரண்ட்? கடைக்குள் இருந்த நான்கு ஃப்ரீசர்களையும் நிறுத்திவிட்டார். வெளியே பனி இளகும் நாட்களில் மட்டும் ஒன்று ஓடும். மாடி அறைக்கு விறகு அடுப்பு.

இதனால் கரண்ட் பில் படுத்துவிட்டது.

ஆளில்லாத வீடுகளை மாகாண அலுவலகம் கண்டுபிடித்த வழிகளில் ஒன்று கரண்ட் பில். இது அவருக்குத் தெரியாது. பிப்ரவரியில் அங்கிருந்து அழைப்பு வந்தது. நான்கு ஃப்ரீசர் வைத்த கடையில், ஒரு காலி வீட்டுக்கு ஆகும் கரண்ட்கூட ஆகவில்லையே, எப்படி என்று கேட்டார்கள்.

"ஐஸெல்லாம் வெளிய இருக்கு," என்றார் குவான்.

எதிர்முனையில் அதை எழுதிக்கொண்டார்கள். யாராவது நேரில் வந்து பார்ப்பார்கள் என்றார்கள். எப்போது என்று சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஆன்செல்ம் இறந்துபோனார். காலையில் பூட்ஸ் மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார் என்று வெர்னா சொன்னாள். வேறு எங்கும் கிளம்பியிருக்க நியாயமில்லை.

இரண்டு நாள் கழித்து, வியாழக்கிழமை, மாதா கோயில் கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். ஊர் முழுக்க அங்கே போனது. குவான் கடையைப் பூட்டினார். ஒரு தாளில் எழுதி ஒட்டட்டுமா என்று கேட்டார். அழுது முகம் வீங்கியிருந்த வெர்னா, "யாருக்குக்கா எழுதுறது? வர்ற ஒரே ஆளு பெட்டிக்குள்ள படுத்திருக்காரு," என்றாள். அவர் எழுதவில்லை.

விடியற்காலையிலிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் இரண்டு முறை கூடம்வரை வழி திறந்தேன். இரண்டாவது முறை என் வண்டிக்குப் பின்னால் அரசாங்கக் கார் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. கடை முன்னால் நின்றது. ஓட்டிவந்தவன் இறங்கி, திரையை விலக்கிக் கதவை இழுத்துப் பார்த்தான். தடமே இல்லாத படிக்கட்டைப் படம் எடுத்துக்கொண்டான். அவன் பிளேர் மெக்காஸ்கில். மாகாண அலுவலகத்தில் வேலை. அவன் அம்மாவும் ஆன்செல்மும் ஒன்றுவிட்ட அக்கா தம்பி. எங்கள் தீவில் இது தற்செயல் அல்ல. யாரை எங்கே அனுப்பினாலும் அங்கே அவர்களுக்கு ஒரு சொந்தக்காரர் செத்துப்போயிருப்பார்.

வேலை முடிந்தது என்று நினைத்து, இழவுக்குத் தலைகாட்டிவிட்டுப் போக அவன் கூடத்துக்கு வந்தான். பெட்டி முன் நின்று கும்பிட்டான். அத்தைமார்களிடம் மாட்டிக்கொண்டு தப்பித்து, டீக்காகச் சமையலறைக்குள் நுழைந்தான். அங்கே குவான் ரொட்டித் துண்டுகளின் ஓரத்தை வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் கொண்டுவந்திருந்த மேப்பிள் ஐஸ்கிரீம் டப்பா. துக்கத்துக்கு வந்தவர்கள் காகிதக் கிண்ணங்களில் அதை வாங்கிக்கொண்டு போனார்கள். பெரியவரின் ஐஸ் என்று சொல்லி ஒவ்வொருவருக்கும் அவர்தான் கொடுத்தார்.

"மிஸஸ் குவான் நீங்களா?" என்றான் பிளேர்.

"ஆமா. முட்டை வெச்சதா, ஹாம் வெச்சதா?"

"நான் மாகாண ஆபீஸ்லேர்ந்து வர்றேம்மா. உங்க கடைக்குப் போயிருந்தேன். பூட்டியிருந்துச்சு."

வெர்னா பாத்திரத்தை டொம்மென்று வைத்தாள். "ஏண்டா பிளேர், உனக்கு வெக்கமா இல்ல? மாமா பெட்டிக்குள்ள கிடக்காரு, நீ கடை திறந்திருக்கான்னு பாக்க வந்தியா?"

"நான் துக்கத்துக்கு வந்தேன்க்கா. கடைக்கும் வந்தேன்."

"கடை காலைல திறந்துதான் இருந்துச்சு. அக்கா இப்பத்தான் அஞ்சு நிமிஷம் முன்னாடி இங்க வந்தாங்க. டூகல் பாத்தானே. இல்லடா டூகல்?"

சமையலறையில் இருந்த எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். படிக்கட்டில் தடம் இல்லாததைப் பார்த்தவன் நான். பிளேர் அதைப் படம் எடுத்ததையும் பார்த்தவன். வாயைத் திறப்பதற்குள் குவான் பேசினார்.

"இல்ல. காலைலேர்ந்து பூட்டித்தான் இருந்துச்சு. நான்தான் பூட்டினேன்."

"அக்கா!" என்றாள் வெர்னா.

"பூட்டினத பூட்டினேன்னுதானே சொல்லணும்?"

பிளேர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தான். "நான் எழுதித்தாம்மா ஆகணும். திறந்திருக்க வேண்டிய நாள்."

"எழுதுங்க. எதுக்குப் பூட்டினேன்னு அவங்க கேட்டா, அதையும் சொல்லுங்க. கேக்கலேன்னா வேணாம்." அவன் கையில் ஒரு கிண்ணத்தைக் கொடுத்தார். "இது பெரியவரோட ஐஸ். கரைஞ்சிடும்."

அவன் நின்றுகொண்டே முழுவதையும் சாப்பிட்டான்.

அன்றைக்கு அவர் செய்ததை ஊர் நேர்மை என்று சொன்னது. நான் அவ்வளவு சீக்கிரம் அந்த வார்த்தையைக் கொடுக்கமாட்டேன். எனக்கு அது பிடிவாதமாகத்தான் தெரிந்தது. தான் இங்கே இருக்கிறேன் என்பதற்கு இன்னொருவருடைய பொய் முட்டுக் கொடுப்பதை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. பெருமை என்றும் அதைச் சொல்லலாம். ஒன்றை மட்டும் கவனித்தேன். ஒப்பந்தப்படி அன்று அவர் கில்லிஸ் துறையில் இல்லாதவர். அந்தக் குளிர்காலத்திலேயே அவர் கில்லிஸ் துறையில் மிக நன்றாக இருந்த நாள் அதுதான். இந்த இரண்டையும் 'இருப்பது' என்ற ஒரே சொல்லால் சொல்கிற சட்டத்தின்மேல் கோபப்படவும் முடியவில்லை. வேறு எந்தச் சொல்லை அது பயன்படுத்தும்?

ஏப்ரலில் முடிவு வந்தது. மறுப்பு இல்லை. ஆனால் கரண்ட் பில், பூட்டிய நாள் இரண்டையும் பார்க்கையில் கடை தொடர்ந்து நடந்ததாகத் தங்களால் திருப்தியடைய முடியவில்லை. இன்னொரு குளிர்காலம் முழுவதும் நடத்திக் காட்டினால் சிபாரிசு செய்வதைப் பரிசீலிக்கிறோம். அதுவரை வேலை அனுமதியை நீட்டிக்க ஆவன செய்கிறோம். பூட்டியதற்குக் காரணத்தை யாரும் கேட்டிருக்கவில்லை என்று பிறகு பிளேர் என்னிடம் சொன்னான்.

வெர்னா கொதித்தாள். ஊர் முழுக்கக் கையெழுத்து வாங்கி அனுப்பலாம், பாதிரியாரைப் பேசச் சொல்லலாம் என்றாள்.

"என்கிட்ட அவங்க கையெழுத்து கேக்கலியே," என்றார் குவான். "இருக்கச் சொல்றாங்க. இருக்கேன். இன்னொரு குளிர்காலந்தானே? எனக்குக் குளிர்காலம் தெரியும்."

கோடையில் அவர் உழைத்ததைச் சொல்ல ஒன்றும் இல்லை. எல்லாரும் உழைத்தார்கள். அக்டோபரில் பலகை அடிக்க யாரும் ஏணி எடுக்கவில்லை. பச்சைத் திரை மறுபடி தொங்கியது. மீனவர்களின் கொட்டகைக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். ஹார்பினுக்குச் சொல்லி வரவழைத்தார். உடன்பிறந்தவள் என்று தம்பி விலையில் ஒன்றும் குறைக்கவில்லை என்று அலுத்துக்கொண்டார். டிசம்பரில் பந்தயம் பற்றிப் பேச்சு எழுந்தது. அவர் ஓடிவிடுவார் என்ற பக்கம் கட்ட ஆள் கிடைக்காமல் அது நின்றுபோனது.

பிளேர் ஜனவரியில் வந்தான். கடை திறந்திருந்தது. கொட்டிலுக்குள் போய் மரப்பெட்டிகளைப் பார்த்தான். படம் எடுத்துக்கொண்டு, தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"ஒரு யோசனைம்மா. இதையெல்லாம் உள்ள ஃப்ரீசர்ல வெச்சு ஓட விட்டுடுங்களேன். பில் தானா ஏறிடும். எனக்கும் எழுத லேசா இருக்கும்."

"வெளிய சும்மா கிடக்கிற குளிர விட்டுட்டா?"

"ஒரு குளிர்காலத்துக்குத்தானேம்மா."

"பில்லு ஏறினா நான் இருக்கேன்னு அர்த்தமா தம்பி? உங்களுக்குச் சந்தேகம்னா அடிக்கடி வாங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் வராதீங்க, துணி துவைப்பேன்."

அவன் அந்தக் குளிர்காலத்தில் மூன்று முறை வந்தான். மூன்றாவது முறை தன் சொந்தக் காரில் வந்தான். மேப்பிள் வாங்கித் தின்றுவிட்டு ஒன்றும் எழுதாமல் போனான்.

அந்தப் பிப்ரவரியில் பெரும்புயல் ஒன்று அடித்தது. முன்னால் சாலை தெரியாமல் படகுத்துறையருகே என் வண்டி சிக்கிக்கொண்டது. புயல் மாட்டிவைத்த இடத்தில், யார் வீடானாலும், தங்கிக்கொள்வது இங்கே வழக்கம். கடைக்குள் ஒதுங்கினேன். புளித்த முட்டைக்கோஸும் பன்றிக் கறியும் வைத்து மாவுக் கொழுக்கட்டை அவித்துப் போட்டார். வெளியே கை நீட்டினால் கை தெரியவில்லை. மதியம் பன்னிரண்டுக்கே இருட்டிவிட, அவர் எழுந்து போய் வாசல் விளக்கைப் போட்டு, படிக்கட்டுப் பனியைத் தள்ளிவிட்டு வந்தார். பிறகு மறுபடி போய்த் தள்ளினார்.

"இந்தக் காத்துல யாரு வரப்போறா?" என்றேன்.

"யாரும் வர மாட்டாங்க."

"அப்புறம்?"

"கடை திறந்திருக்கில்ல."

அவரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். இதெல்லாம் எதற்காக? பி.ஆர். கிடைத்து என்ன செய்யப் போகிறீர்கள்? இங்கே உங்களுக்கு யாரும் இல்லை. குழந்தை குட்டி என்று யாருக்காகவும் இல்லை.

கொழுக்கட்டையை வினிகரில் தோய்த்து மெதுவாக மென்றார். "விமான நிலையத்துல என் தம்பி ஒண்ணு சொன்னான். 'அக்கா, நீ ஒரு குளிர்காலம் அங்க இருக்க மாட்டே. இங்கயும் நீ இருந்ததில்ல. முப்பது வருஷம் வேலை பாத்தே, அவ்வளவுதான். உனக்கு இருக்கத் தெரியாது'ன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"விமானத்துக்கு நேரமாச்சுன்னேன்."

அவன் சொன்னது உண்மையா என்று கேட்க நினைத்தேன். அவர் அதற்குள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி வாசலுக்குப் போய்விட்டார். நானும் எழுந்து போய் உதவினேன். இரண்டு பேர் தள்ளியும் பனிதான் முன்னால் இருந்தது.

சிபாரிசு வசந்தத்தில் கிடைத்தது. பி.ஆர். அதற்கு அடுத்த ஆண்டு, சிங்கி இறால் படகுகள் கடலுக்குப் போன வாரத்தில் வந்தது. இடையில் வந்த இன்னொரு குளிர்காலத்திலும் கடை திறந்தே இருந்தது. சிபாரிசு கொடுத்துவிட்டார்கள், இனி ஒருவரும் பார்க்க வரப்போவதில்லை என்று பிளேரே சொல்லியும், திறந்தே இருந்தது.

செய்தி கேட்டு வெர்னா அவரைக் கட்டிப்பிடித்து அழுதாள். கொட்டகைக்காரர்கள் ஒரு ரம் பாட்டிலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்கள். ஆன்செல்ம் தோற்ற இரண்டாவது பாட்டில், மகன் கொடுத்து அனுப்பியது. டொராண்டோ ஏஜென்ட் தொலைபேசியில் வாழ்த்தினார். இனி நாட்டில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், சில ஆண்டுகளில் இத்தனை நாள் என்று நாட்டுக்குள் இருந்தால் போதும், மீதி நாள் உலகில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், நல்ல அடுக்குமாடி வீடு ஒன்று கைவசம் இருக்கிறது என்றாராம். ஊரில் எல்லாரும் உள்ளூர அதற்குத் தயாராகவே இருந்தார்கள். போகிறவர்களைப் பார்த்துப் பழகிய தீவு இது. எங்கள் சொந்தப் பிள்ளைகளே போய்விடுகிறார்கள்.

ஜூன் கடைசியில், முதல் சுற்றுலாக் கார்கள் பாலம் தாண்டி வரத் தொடங்கிய அன்று காலை, நான் கடையின் முன்படியில் புதுப் பலகை அடித்துக்கொண்டிருந்தேன். குவான் சாவிக்கொத்தை வெர்னாவின் கையில் வைத்தார்.

"இன்னிலேர்ந்து கோடைக்காலம் உன்னோடது. கடையை நீ நடத்து. வர்றதெல்லாம் உனக்கு."

"என்னக்கா சொல்றீங்க? நீங்க எங்க போறீங்க?"

"எங்கயும் போகல. மாடியிலதான் இருப்பேன். அக்டோபர்ல சாவியக் குடு, அப்போ நான் உக்கார்றேன்."

"அக்கா, கோடையிலதான் கூட்டமே. குளிர்காலத்துல ஒரு ஈ, காக்கா வராது. ஆன்செல்ம் மாமாவும் இல்ல."

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

வரிசையில் முதலாவதாக நின்ற வெளியூர்ப் பெண்மணி கண்ணாடியைத் தட்டினாள். குவான் அவளைக் காட்டி, "அங்க பாரு, உனக்காக நிக்கிறாங்க," என்றார். இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனைக் கழற்றி வெர்னாவின் தோளில் போட்டார்.

இது நடந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வெர்னா பிறகும் பல முறை கேட்டுவிட்டாள். நானும் ஒரு முறை கேட்டேன். "கோடையில எல்லாருந்தான் இருப்பாங்க," என்றார், அவ்வளவுதான். பெரியவருக்காக என்று ஊரில் பாதிப் பேர் சொல்கிறார்கள். தம்பிக்குக் காட்டுவதற்காக என்று நான் கொஞ்ச காலம் நினைத்திருந்தேன். தம்பி இரண்டு ஆண்டுகளுக்கு முன் இறந்துபோனான், அதன் பிறகும் எதுவும் மாறவில்லை. ஜூலை, ஆகஸ்ட்டில், வரிசை சாலைவரை நீளும் நாட்களில், குவான் மாடி ஜன்னலோரம் உட்கார்ந்து பழைய பச்சைத் திரையின் பிரிந்த தையலைத் தைத்துக்கொண்டிருப்பார். அக்டோபரில் கடைசிக் கார் பாலம் தாண்டிப் போனதும் கீழே இறங்கிவந்து, திரையை மாட்டி, விளக்கைப் போட்டு, கல்லாவில் உட்காருகிறார்.